தேயிலை பிடுங்கிய மண்ணில் பீட்ரூட் ஏன் கோலிக்குண்டாக நிற்கிறது?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு வருடம் முன்பு கோத்தகிரி பக்கம் வீடு வாங்கிக் குடிவந்தோம். வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம் இருக்கிறது. பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போட்டிருக்கிறேன். பீட்ரூட் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிடுகிறது. பீன்ஸ் இலை வெளிறிப்போகிறது. முட்டைக்கோஸ் மதிய வெயிலில் துவண்டு விழுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கிறது. உருளைக்கிழங்கு மட்டும் குறையில்லாமல் வருகிறது. மண் புளிப்பாக இருக்குமோ என்று வினிகர் ஊற்றிப் பார்த்தேன், சோடா உப்பு போட்டும் பார்த்தேன். இரண்டிலும் நுரை வரவில்லை. ஆன்லைனில் வாங்கிய இரண்டு கம்பி மீட்டர் 7 என்று காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் “பத்து கிலோ சுண்ணாம்பைக் கொட்டுங்கள்” என்கிறார். கோவையில் இருக்கும் தங்கையோ “சுண்ணாம்பு போட்டால் மண் செத்துவிடும், ஜிப்சம் போடு” என்கிறாள். ஒரு வாளி நிறைய முட்டை ஓடு சேர்த்து வைத்திருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது? வாசலில் ஹைட்ராஞ்சியா நல்ல நீலமாகப் பூக்கிறது. எதைப் போட்டாலும் அது கெட்டுவிடக் கூடாது.

பதில்: வணக்கம் டீச்சர். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மீட்டரை நம்பாதீர்கள், ஹைட்ராஞ்சியாவை நம்புங்கள். அந்தப் பூ நீலமாவதற்கு மண்ணில் கரைந்த அலுமினியம் வேண்டும். எல்லா மண்ணிலும் அலுமினியம் உண்டு, ஆனால் களியோடு களியாகக் கட்டுண்டு கிடக்கும். மண் நல்ல புளிப்பாக, அதாவது பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கினால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். 7 உள்ள மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூத்திருக்கும். வெள்ளை ரகங்கள் மட்டும் இந்தக் கணக்கில் வராது.

பூவுக்கு நீலம் கொடுக்கிற அதே அலுமினியம்தான் பீட்ரூட்டை முடக்குகிறது. கரைந்த அலுமினியம் பட்டதும் வேரின் நுனி வளர்ச்சி நின்றுவிடும். வேர் மெலிதாகப் பரவாமல் குட்டையாக, தடித்து, பழுப்பாகிவிடும். நீங்கள் தண்ணீர் விட்டாலும் உரம் போட்டாலும் அதை எடுத்துக்கொள்ள வேர் இருக்காது. மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும். பீட்ரூட் இந்தப் புளிப்பைக் கொஞ்சமும் தாங்காத பயிர். உருளைக்கிழங்கு பி.எச். 5-லும் சந்தோஷமாக இருக்கும். பீட்ரூட் நின்றுபோய், பீன்ஸ் வெளிறி, உருளை மட்டும் நன்றாக வருகிறது என்று ஒருவர் எழுதினால் மண் எப்படி இருக்கும் என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். மீதிக்குத்தான் பரிசோதனை.

இந்த மண் கெட்டுப்போன மண் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் பிடிக்கும். மலையில் வருடக்கணக்காகப் பெய்யும் மழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அதன்மேல் முந்தின சொந்தக்காரர்கள் தேயிலைக்கு யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் போட்டிருப்பார்கள். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும் என்பது உரக் கணக்கில் பழைய பாடம். முப்பது நாற்பது வருடம் அப்படிப் போட்ட நிலத்தில் செடியைப் பிடுங்கிவிட்டு மறு மாதமே பீட்ரூட் விதைத்தால் அது திருதிருவென்று முழிக்கத்தான் செய்யும்.

இனி நீங்கள் செய்த சோதனைகள். வினிகரில் நுரை வரவில்லை என்றால் மண்ணில் சுண்ணாம்புக் கற்கள் இல்லை என்று மட்டும் அர்த்தம். பி.எச். 5 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். சோடா உப்பு சோதனை அதைவிட மோசம். அது கண்ணுக்குத் தெரியும்படி பொங்க வேண்டுமென்றால் மண் கடும் அமிலமாக இருக்க வேண்டும். 5 உள்ள மண்ணிலேயே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வீடியோவில் பொங்குகிறதே என்றால், வீடியோவில் பொங்காத மண்ணை யார் காட்டப்போகிறார்கள்? சங்குப்பூத் தண்ணீரில் மண்ணைப் போட்டு நிறம் பார்ப்பதும் இதே கதைதான். எலுமிச்சை அளவு புளிப்புக்குத்தான் அந்த நீலம் ஊதாவாகும். 5-க்கும் 6.5-க்கும் அதில் வித்தியாசம் பார்க்க முடியாது. பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட நன்றாக இருக்கும்.

இரண்டு கம்பி மீட்டரை மண்ணில் குத்தினால் இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஓடும் கொஞ்சம் மின்சாரத்தை வைத்து முள் நகரும். மண்ணின் ஈரம், உப்பு, கம்பியில் ஒட்டியிருக்கும் அழுக்கு எல்லாவற்றுக்கும் அது நகரும். குத்தின இடத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மறுபடி குத்திப் பாருங்கள், புரிந்துவிடும். இன்னொன்று கேட்க வேண்டும். எந்த இடத்தில் குத்தினீர்கள்? வீட்டுச் சுவர் ஓரமாக என்றால், சிமெண்டும் வெள்ளையடித்த சுண்ணாம்பும் மழையில் வழிந்து அந்த ஓரத்து மண்ணின் புளிப்பை எப்போதோ முறித்திருக்கும். நல்ல மீட்டரே அங்கே 7 காட்டினால் ஆச்சரியமில்லை.

வீட்டிலேயே ஓரளவு நம்பும்படி பார்க்க வேண்டுமென்றால் பேனா மாதிரி இருக்கும் டிஜிட்டல் பி.எச். மீட்டர் வாங்குங்கள். அதோடு 4.00, 6.86, 9.18 என்று எழுதிய சின்னப் பொடிப் பொட்டலங்கள் வரும். பலர் அதைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மீட்டரின் உயிரே அதில்தான் இருக்கிறது. பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் பொடியைக் கரைத்து, 6.86 கரைசலில் வைத்து அதே எண்ணைக் காட்டும்படி செட் செய்ய வேண்டும். பிறகு 4.00-ல் வைக்க வேண்டும். உங்கள் மண்ணுக்கு 9.18 தேவைப்படாது. அதை எடுத்து வையுங்கள், தங்கைக்கு உதவும்.

அப்புறம் நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 50 மில்லி. அதாவது ஒன்றுக்கு இரண்டரை, நம் ஆய்வுக்கூடங்களில் பார்க்கிற அதே அளவு. கண்ணாடி டம்ளரில் போட்டு அரை மணி நேரத்துக்குள் நாலைந்து முறை கலக்கிவிட்டு, கடைசியாக ஒரு கலக்கு கலக்கி மீட்டரை விடுங்கள். எண் ஓடி ஒரு இடத்தில் நிற்கும், அதுதான் உங்கள் மண். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் இதற்குப் போதும். ஆனால் அங்கேயே பேட்டரி ஆசிட்டும் ஏறக்குறைய அதே மாதிரி கேனில் இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெறும் பேட்டரி தண்ணீரிலேயே மீட்டர் 6-க்குக் கீழே காட்டலாம். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அப்படி வரும், பயப்பட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் மட்டும் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்புகள் கணக்கைக் குழப்பிவிடும்.

இந்த எண் கையில் வந்துவிட்டால் எவ்வளவு சுண்ணாம்பு என்று தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. இரண்டு வீட்டு மோர் ஒரே அளவு புளிக்கலாம். ஒன்று நீர்மோர், இன்னொன்று கெட்டி மோர். நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சோடா உப்பு போட்டுப் புளிப்பை முறிக்க நினைத்தால் கெட்டி மோர் கூடுதலாகக் கேட்கும். மண்ணும் அப்படியே. தண்ணீரில் தெரியும் புளிப்பு ஒரு துளிதான். களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு ஒளிந்திருப்பதே அதிகம். நீலகிரி மண் களியும் மட்கும் கொழுத்த மண், கெட்டி மோர். பி.எச். 5-ல் இருக்கும் மணல் மண்ணை 6-க்குக் கொண்டுவர சதுர மீட்டருக்கு 150, 200 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் போதும் என்றால், உங்கள் மாதிரி மண் 500 கிராமோ அதற்கு மேலோ கேட்கும். வேறு ஊர்க்காரர் சொல்லும் அளவு உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

எனவே ஒரு தடவையாவது மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். குன்னூரில் உபாசி என்ற தோட்ட அதிபர்கள் சங்கத்தின் கிருஷி விக்யான் கேந்திரா (வேளாண் அறிவியல் நிலையம்) இருக்கிறது. ஊட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டில் ஒன்றிலோ, கோத்தகிரி தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ விசாரியுங்கள். 2015-ல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் பார்த்துத் தருகிறார்கள், அதில் பி.எச். உண்டு. ஆனால் நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டியது ‘சுண்ணாம்புத் தேவை’. மண்ணோடு ஒரு கரைசலைக் கலந்து, ஒளிந்திருக்கும் புளிப்பையும் சேர்த்து அளந்து, ஏக்கருக்கு இத்தனை டன் என்று எழுதித் தருவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

மண் எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். நான் பார்த்த தப்பான ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை கூடத்தில் தப்பானவை அல்ல, தோட்டத்திலேயே தப்பானவை. வேலையிலிருந்த காலத்தில் ஒருவர் யூரியா சாக்கில் மண் கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் பாதையில் கிடந்த மண்ணை ஒரு கை அள்ளி வந்தார், “எல்லாம் ஒரே தோட்டத்து மண்தானே சார்” என்று. 3 சென்ட் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து எட்டுப் பத்து இடம் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் ஓரம், குப்பைக்குழி, சாம்பல் கொட்டின இடம், சில்வர் ஓக் மரத்தடி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு அரை அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி குழி வெட்டி, அந்தக் குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுங்கள், கேக் வெட்டுகிற மாதிரி. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, பேப்பரில் வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து, அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, ‘முன்பு தேயிலை, இப்போது காய்கறி’ என்று சீட்டு எழுதி வையுங்கள். மேட்டில் இருக்கும் பாத்தியும் சரிவின் அடியில் இருக்கும் பாத்தியும் பார்வைக்கே வேறு மண்ணாகத் தெரிந்தால் இரண்டு பையாக அனுப்புங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் கணக்கு எளிது. ஒரு ஏக்கர் 100 சென்ட். ஏக்கருக்கு 1 டன் என்றால் சென்ட்டுக்கு 10 கிலோ. எக்டேரில் எழுதியிருந்தால் 1 டன்னுக்குச் சென்ட்டுக்கு 4 கிலோ. ஏக்கரா எக்டேரா என்று பார்க்காமல் இரண்டரை மடங்கு கொட்டினவர்களை எனக்குத் தெரியும். இந்த அளவுகள் எல்லாம் சுத்தமான சுண்ணாம்புக்கல் தூளுக்கு. சுண்ணாம்பு என்று எழுதியிருப்பதெல்லாம் அது அல்ல, குழப்பமே அங்கேதான்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பத்து கிலோவை எடுத்துக்கொள்வோம். எந்தச் சுண்ணாம்பு, எத்தனை சென்ட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை. வெள்ளையடிக்கும் நீற்றிய சுண்ணாம்பு சுண்ணாம்புக்கல் தூளைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீரியம் கூடியது. 100 கிராம் கல் தூள் செய்யும் வேலையை அது 74 கிராமில் செய்துவிடும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பு என்றால் 56 கிராமே போதும். இரண்டும் வேகமாக வேலை செய்யும், கையையும் கண்ணையும் சுடும், கொஞ்சம் கூடினாலும் மண் எகிறிவிடும். பத்து கிலோவை 3 சென்ட்டுக்கும் பரப்பினால் சதுர மீட்டருக்கு 80 கிராம்தான் வரும், கல் தூளானால் உங்கள் மண்ணுக்கு அது சோளப்பொரி. அதையே நீற்றிய சுண்ணாம்பாக வாங்கி இரண்டு பாத்தியில் கொட்டினால் அங்கே வருடக்கணக்கில் இரும்பும் துத்தநாகமும் போரானும் செடிக்குக் கிடைக்காமல் போகும். புளித்த மண்ணைத் திருத்துவது சுலபம், சுண்ணாம்பு மிஞ்சின மண்ணைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

உங்கள் இடத்துக்கு நான் சொல்வது டோலமைட் என்ற கல் தூள். அதில் சுண்ணாம்போடு மெக்னீசியமும் இருக்கிறது. மழை அடித்துக்கொண்டுபோன இரண்டும் ஒன்றாகத் திரும்பி வரும். தேயிலைக்காரர்கள் கவாத்துச் சமயத்தில் போடுவது இதைத்தான். ஆகவே கோத்தகிரி உரக்கடையில் ‘டோலமைட்’ என்று கேட்டாலே தெரியும். வாங்குமுன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். கோதுமை மாவு மாதிரி இருந்தால் இந்தப் போகத்திலேயே வேலை செய்யும். ரவை மாதிரி நறநறத்தால் கரைய வருடங்கள் ஆகும். மூட்டை விலை குறைவு என்று ரவையை வாங்கி வந்துவிடாதீர்கள்.

தங்கை சொன்ன ஜிப்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, கோவையிலிருந்து சொல்கிறார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. பி.எச். 8-க்கு மேல் இருப்பது அங்கே சாதாரணம். அங்கே இன்னும் சுண்ணாம்பு போடுவது பைத்தியக்காரத்தனம்தான். ஜிப்சம் களர் நிலத்தில் சோடியத்தை விரட்டப் போடுவது. அது கால்சியம் சல்பேட். கால்சியம் தரும், புளிப்பை முறிக்காது. உங்கள் தோட்டத்தில் எத்தனை மூட்டை கொட்டினாலும் பி.எச். ஏறாது. இங்கேதான் உங்கள் வினிகர் பயன்படப்போகிறது. கடைக்காரர் கொடுத்தது ஜிப்சமா சுண்ணாம்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூன் பொடியில் நாலு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் சுறுசுறுவென்று நுரைக்கும். டோலமைட் சோம்பேறித்தனமாக, உற்றுப் பார்த்தால் தெரியும்படி குமிழ் விடும். ஜிப்சம் அசையாது.

முட்டை ஓடு நல்ல சுண்ணாம்புதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஓடு ஐந்தாறு கிராம். சென்ட்டுக்கு 12 கிலோ தேவை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாயிரம் முட்டைக்கு மேல் ஆகும், அதுவும் மிக்ஸியில் மாவாக அரைத்தால். வாளியில் இருப்பதை நொறுக்கிக் கம்போஸ்ட்டில் போட்டுவிடுங்கள். விறகுச் சாம்பல் உண்மையிலேயே வேலை செய்யும். பெரும்பாலும் அதே எடைச் சுண்ணாம்புக்கல்லின் பாதி வீரியம்தான் இருக்கும், கூடவே சாம்பல் சத்து (பொட்டாஷ்) வரும். வருடத்துக்கு ஒரு முறை சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி தூவலாம். நிலக்கரிச் சாம்பல் வேண்டாம். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியிலிருந்து சாம்பல் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எதை எரித்த சாம்பல் என்று முதலில் கேளுங்கள்.

போடும் முறை. விதைப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு, மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாத நாளில் போடுங்கள். காற்றில்லாத நேரம், மூக்கில் துணி, கையில் உறை. ரிப்போர்ட்டில் சொன்ன அளவு சதுர மீட்டருக்கு அரை கிலோவுக்கு மேல் வந்தால் ஒரே தடவையில் போடாமல் பாதியை இப்போதும் மீதியை அடுத்த போகத்துக்கு முன்பும் போடுங்கள். மேலே தூவிவிட்டு விட்டால் மேல் இரண்டு விரல் மண் மட்டும் மாறும். அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும், இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் ஒருநாள் கூலிக்கு ஆள் வையுங்கள். உங்கள் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுக்கும். சரிவுப் பாத்தியில் அதற்கு முந்தின நாள் தூவினால் டோலமைட் கீழ் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரும்.

சுண்ணாம்பையும் எருவையும் ஒன்றாகப் போடாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குவார்ட்டர்ஸ் பின்னால் நாலு பாத்தி போட்டேன். ஊருக்கெல்லாம் சிபாரிசு எழுதுகிறவன்தானே என்ற தெனாவட்டில் நீற்றிய சுண்ணாம்பையும் பச்சைக் கோழி எருவையும் ஒரே நாளில் கொத்திவிட்டு, நாலாம் நாள் பீன்ஸ் ஊன்றினேன். சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் போனால் கண் எரிந்தது. தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துகொண்டிருந்தது. முளைத்து வந்த பீன்ஸும் ஓரம் கருகி நின்றது. காசும் எருவும் காற்றோடு போயின. முதலில் டோலமைட், மூன்று நான்கு வாரம் கழித்து மட்கிய தொழுவுரம், அதற்குப் பிறகு விதை. யூரியாவுக்கும் இதே இடைவெளிதான். அதைத் தொடாமலே இருந்தால் இன்னும் நல்லது, நீங்கள் ஏற்றுவதை அது மெதுவாக இறக்கிக்கொண்டே இருக்கும்.

முட்டைக்கோஸ் கதை தனி. நீங்கள் சொல்லும் இஞ்சி வேர் கிளப் ரூட் என்ற வேர் வீங்கும் நோயாகத்தான் தெரிகிறது. இன்னொரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். மெல்லிய வேர்களில் மணி மணியாகச் சின்ன முடிச்சு என்றால் நூற்புழு. தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து, இரண்டு பக்கமும் கூம்பிய வீக்கமாக, வெட்டினால் அழுகல் வாடையோடு இருந்தால் கிளப் ரூட். பக்கத்தில் ஒரு பீன்ஸ் செடியையும் பிடுங்குங்கள். அதில் வேரோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் தட்டினால் உதிரும் சின்ன உருண்டைகள் நோய் அல்ல. காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தரும் பாக்டீரியாவின் வீடு அவை, பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உங்கள் பீன்ஸில் அவை ஒன்றிரண்டுதான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது என்று நினைக்கிறேன். அந்த பாக்டீரியாவுக்கும் புளிப்பு ஆகாது. இலை வெளிறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கிளப் ரூட் கிருமியின் வித்துகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும். புளித்த, தண்ணீர் தேங்கும் மண்ணில் கும்மாளம் போடும். பி.எச். 7-ஐத் தாண்டி 7.2 வரை கொண்டுபோனால் முளைப்பது குறையும், சாகாது. அதற்காக 3 சென்ட்டையும் 7.2-க்கு ஏற்றினால் உருளைக்கிழங்கில் சொறி விழும். ஆகவே எல்லாப் பாத்திக்கும் ஒரே வைத்தியம் பார்க்க வேண்டாம். நோய் வந்த பாத்தியில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல், டர்னிப், முள்ளங்கி, கடுகு எதையும் நாலைந்து வருடம் வைக்காதீர்கள். தானாக முளைக்கும் கடுகுச் செடியைக்கூடப் பிடுங்குங்கள். வீங்கின வேரைக் கம்போஸ்ட்டில் போடாமல் காயவைத்து எரித்துவிடுங்கள். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள். நாற்றை வெளியே வாங்கினீர்கள் என்றால் நோய் அதோடுதான் வந்திருக்கும். அடுத்த முறை நாற்றை நீங்களே தட்டில் விடுங்கள்.

நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். மேட்டுப் பக்கம் ஒரு சென்ட்டைச் சுண்ணாம்பு காட்டாமல் அப்படியே விட்டு உருளையும் சர்க்கரைவள்ளியும் வைப்பேன். நடு சென்ட்டை டோலமைட் போட்டு 6-லிருந்து 6.5 வரை கொண்டுவந்து பீட்ரூட், கேரட், பீன்ஸ், பட்டாணி. புதிதாக டோலமைட் போட்ட பாத்திக்கு அடுத்த போகமே உருளையைக் கொண்டுபோகக் கூடாது. நோய் வந்த இடம் மூன்றாவது சென்ட். அங்கே தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் எடுத்து, அளவைக் கொஞ்சம் கூட்டி 7-க்கு ஏற்றி, பூண்டும் பீன்ஸும் மாற்றி மாற்றிப் போடலாம். ஆறு மாதம் கழித்து உங்கள் பேனா மீட்டரால் மூன்றையும் பாருங்கள். வருடா வருடம் அதே மாதத்தில் பாருங்கள், மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே எண் கொஞ்சம் முன்பின் ஆடும். ஏறவே இல்லையே என்று முதல் மாதத்திலேயே இன்னொரு மூட்டை பிரிக்காதீர்கள், டோலமைட் மெதுவாகத்தான் கரையும்.

ஹைட்ராஞ்சியாவைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் டோலமைட்டும் சாம்பலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலைச் சருகும் சில்வர் ஓக் இலையும் போட்டு மூடி வையுங்கள். சுவரை ஒட்டி நிற்கும் செடியாக இருந்தால், அடுத்த தடவை வெள்ளையடிக்கும்போது கீழே பழைய தார்ப்பாய் விரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரே செடியில் சுவர்ப் பக்கம் ரோஸும் வாசல் பக்கம் நீலமுமாகப் பூக்கும். சிலருக்கு அதுவும் பிடிக்கிறது.